பரணிலிருந்து குரல் வரவில்லை

கரியாலூரில் தினையும் சாமையும் கதிர்விடும் காலத்தில் கொல்லைக்கு நடுவே பரண் கட்டிக் காவலிருந்த கதையை என் தாத்தா அடிக்கடி சொல்வார். காட்டுப்பன்றி வந்தால் தகரத்தைத் தட்டுவது மட்டும் காவலாளியின் வேலை அன்று. பன்றி வராத போதும் அவ்வப்போது ஒரு குரல் கொடுக்க வேண்டும். அடுத்த பரணில் இருப்பவர் பதில் குரல் கொடுப்பார். குரல் நின்றுவிட்டால் பந்தம் கொளுத்திக்கொண்டு ஆள் போய்ப் பார்ப்பார்களாம். கணிப்பொறி அறிவியல் பயிலும் எனக்கு அந்தக் குரலின் அருமை சென்ற ஆண்டுதான் விளங்கிற்று.

கரியாலூரில் என் சித்தப்பா மகன் ஒரு சிறு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்று, பட்டா என மலைமக்களின் தாள்கள் அங்கே ஸ்கேன் ஆகின்றன. அவற்றைச் சேமித்து வைப்பது ஒரு பழைய மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் அக்காவுக்குக் கிடைத்தது. பேட்டரி என்றோ உயிரை விட்டுவிட்டது. மின்சாரம் போனால் கணிப்பொறியும் போகும். அதில் டெபியன் லினக்ஸை நிறுவினேன். வட்டில் எவ்வளவு இடம் மிச்சம், சூடு எவ்வளவு என்று பத்து நிமிடத்திற்கு ஒரு தரம் கள்ளக்குறிச்சியில் என் அறைக் கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பும் ‘ஏஜெண்ட்’ எனும் கண்காணிப்பு நிரலையும் எழுதி ஓடவிட்டேன்.

ஓடவிட்டேன் என்றேனே, அங்கேதான் பிழை. டெர்மினல் திரையில் பெயரைத் தட்டி ஓடவிட்டேன். அண்ணன் அந்தச் சன்னலை மூடினார், நிரலும் மூடிக்கொண்டது. டெர்மினல் மறையும்போது அதில் ஓடும் நிரலுக்கு ‘ஹேங்அப்’ என்றொரு குறிப்புப் போகும். டெலிபோன் வழியே கணிப்பொறியோடு பேசிய காலத்தில் ரிசீவரை வைத்துவிட்டதற்கு அடையாளமாக ஏற்பட்ட பெயர் அது. அதைக் காதில் வாங்காதிருக்க ‘நோஹப்’ என்று முன்னால் சேர்த்தேன். சன்னலை மூடியும் ஓடியது. வெற்றி என்று மகிழ்ந்தேன்.

ஐப்பசி மழையில் மின்சாரம் போயிற்று. வந்ததும் அண்ணன் கணிப்பொறியை எழுப்பினார். ஏஜெண்டை எழுப்புவார் யாருமில்லை. எனக்கோ செமஸ்டர் தேர்வு. பதினொரு நாள் செய்தி வரவில்லை; வராததை நான் கவனிக்கவுமில்லை. அதற்குள் வட்டு நிரம்பிவிட்டது. அதன்பின் ஸ்கேன் செய்த கோப்புகளுக்குப் பெயர் இருந்தது, உள்ளே சூன்யம். உதவித்தொகைக்குக் கடைசி நாளன்று ஒரு மாணவியின் சாதிச் சான்று திறக்கவில்லை. அசல் சான்று அவள் தங்கிப் படிக்கும் விடுதியில், மலைக்குக் கீழே. பஸ் பிடித்துப் போய் எடுத்து வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. அந்த ஆண்டுத் தொகை அவளுக்குக் கிடைக்கவில்லை.

“எப்பப் பாத்தாலும் ஓடிக்கிட்டுத்தானே தம்பி இருந்துச்சு?” என்று கேட்டார் அண்ணன். என்னிடம் பதில் இல்லை.

பின்னணியில் ஓசையின்றி உழைக்கும் நிரலுக்கு ‘டீமன்’ என்று பெயர். இயற்பியலறிஞர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்துக்கொண்டே இருக்கும் பூதத்தின் நினைவாக, 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வைத்த பெயர். நம் எல்லை முனியப்பனைப் போல என்று வைத்துக்கொள்ளலாமே! ஆனால் முனியப்பனுக்கும் யாராவது விளக்கேற்ற வேண்டும். இன்றைய லினக்ஸ்கள் பலவற்றில் அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பது 2010-ல் வெளிவந்த சிஸ்டம்டி. எந்த நிரல், எவர் பெயரில், எது தயாரான பிறகு, விழுந்தால் என்ன செய்வது என்று ஏழெட்டு வரியில் ஒரு கோப்பு எழுதி வைத்தால் அந்நிரல் ஒரு சேவையாகிவிடும்.

இங்கும் இருமுறை சறுக்கினேன். ‘ஸ்டார்ட்’ என்றால் இப்போது தொடங்கு. ‘எனேபிள்’ என்றால் கணிப்பொறி எழும்போதெல்லாம் தொடங்கு. முன்னதை மட்டும் கொடுத்துவிட்டு மலையிறங்கினேன். அடுத்த மின்வெட்டோடு பழைய கதை. அதைத் திருத்தி, விழுந்தால் மீண்டும் எழுப்புக என்னும் ‘ரீஸ்டார்ட்’ வரியையும் சேர்த்தேன். அப்படியும் காலையில் ஏஜெண்ட் செத்துக்கிடந்தது. மலையில் செல்பேசி இணைப்பு மெல்லத்தான் வரும். இணைப்பில்லாவிட்டால் என் நிரல் வெளியேறிவிடும். சிஸ்டம்டி இமைப்பொழுதில் எழுப்பும், நிரல் விழும். பத்து வினாடிக்குள் ஐந்து முறை எழுப்பியும் நிற்காவிட்டால் கைவிட்டுவிடுவது சிஸ்டம்டியின் இயல்பான விதி. எழுப்புமுன் முப்பது வினாடி பொறு என்று ஒரு வரி சேர்த்த பிறகே காரியம் கைகூடியது. ரூட் அதிகாரத்திலேயே ஓட்டிவிடு, தொல்லையில்லை என்றான் அறைத்தோழன். வட்டில் இடம் பார்க்க ரூட் எதற்கு? பரண் காவலுக்கு வந்தவனிடம் வீட்டுச் சாவியையுமா கொடுப்பார்கள்? தனிப் பயனர் பெயர் ஒன்றை உண்டாக்கி அதில்தான் ஓட்டுகிறேன்.

இவ்வளவும் செய்தால் போதும் என்பர் சிலர். எனக்கு உடன்பாடில்லை. கணிப்பொறியே அணைந்துபோனால், தான் அணைந்ததை ஏஜெண்ட் எப்படிச் சொல்லும்? மௌனத்தையும் ஒரு செய்தியாகக் கொள்ளும் ஏற்பாடு கேட்கும் இடத்தில் இருக்க வேண்டும். லாத்வியா நாட்டில் பிறந்து 2001-ல் வெளியான ஸாபிக்ஸ் என்னும் கண்காணிப்பு மென்பொருளில் ‘நோடேட்டா’ என்றே ஒரு சோதனை உண்டு. இத்தனை நேரம் தகவல் வராவிட்டால் மணியடி என்பது அதன் பொருள். அதைப் பார்த்து நானும் எழுதிக்கொண்டேன். முதலில் பதினைந்து நிமிடம் என்று வைத்தேன். எங்கள் ஊர் மின்வெட்டுக்கு அது ஓயாமல் அலறியது. நானும் நாலாம் நாளே அலட்சியம் செய்யத் தொடங்கினேன். இப்போது இரண்டு மணி நேரம்.

நம் கல்லூரிச் செய்முறைத் தேர்வில் நிரல் எழுதி, விடை திரையில் தோன்றினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஒரு தேர்விலாவது தேர்வாளர் மின்செருகியைப் பிடுங்கி, மீண்டும் செருகி, மாணவன் விசைப்பலகையைத் தொடாமலே அவன் நிரல் எழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதலில் தோற்கிறவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

சென்ற மாதம் ஒரு பிற்பகல் மணியடித்தது. இரண்டு மணி நேரமாகக் கரியாலூரிலிருந்து குரல் இல்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன். டிரான்ஸ்பார்மர் போய்விட்டதாம்.

“லைட் வந்ததும் பட்டனை அமுக்குறேன். மத்ததெல்லாம் அதுவே வந்துரும்ல தம்பி?”

“வந்துரும்ண்ணே” என்றேன். ஆனாலும் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். மாலை 5.40-க்கு ஒரு வரி வந்தது.