சர்க்கார் கணக்கும் யந்திர உதவியாளரும்

இந்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா 2024 ஜூன் 29-ஆம் தேதி 'இ-சாங்க்யிகி' என்ற பெயரால் தன் கணக்குகளை ஒரே இடத்தில் திரட்டி வைத்தது. 2026-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் அக்கணக்குகளை நேரே வாசித்து, கேட்பவருக்கு எடுத்துச் சொல்லும்படியான ஒரு வாயிலையும் சோதனையாகத் திறந்தது. விலைவாசி, வேலை நிலைமை, ஆலை உற்பத்தி முதலிய சில கணக்குகளோடு அது தொடங்கிற்று. இச்செய்தியை நமது பத்திரிகைகளில் பல வியாபாரப் பக்கத்தின் மூலையில் நான்கு வரியாகப் போட்டுவிட்டு நகர்ந்து விட்டன. இது வியாபாரிகளின் விஷயம் மட்டும் அன்று என்பது நமது அபிப்பிராயம். ஊர்ப் பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் இதைக் கவனித்தாக வேண்டும்.

சர்க்காரின் கணக்கைக் கொண்டே சர்க்காரைக் கேள்வி கேட்பது நமது தேசத்தில் புதிய வழக்கமன்று. தாதாபாய் நௌரோஜி 1876-இல் பம்பாயில் வாசித்த 'இந்தியாவின் வறுமை' என்ற கட்டுரையில் கையாண்ட ஆயுதம் வேறு எது? அந்நிய அதிகாரிகள் அச்சிட்டு வைத்திருந்த நிர்வாக அறிக்கைகளையே எடுத்துக் கூட்டி, இந்தியன் ஒருவனுடைய வருஷ வருமானம் சராசரி 20 ரூபாய் என்று காட்டினார். சிறைக்கைதி ஒருவனுக்குச் சோற்றுக்கும் துணிக்கும் ஆகும் செலவை அதன் பக்கத்தில் வைத்தார். கைதிக்கு ஆகிற செலவு கூட வெளியே இருக்கும் குடியானவனுக்குக் கிட்டவில்லை என்பதை அதிகாரிகளால் மறுக்க முடியவில்லை, கணக்கு அவர்களுடையதல்லவா? அவர் செய்த மற்றொரு காரியத்தை நாம் அடிக்கடி மறந்து விடுகிறோம். பல ஜில்லாக்களின் விலைகளை அப்படியே கூட்டி, ஜில்லாக்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி என்று அதிகாரிகள் எழுதியிருந்ததை அவர் ஏற்கவில்லை. எங்கே எவ்வளவு விளைந்தது என்பதைப் பாராமல் எடுக்கும் சராசரி பொய்ச் சராசரி என்று எடுத்துக் காட்டினார். கணக்கைத் தேடிப் பிடிப்பது ஒரு வேலை. பிடித்ததைச் சோதிப்பது வேறொரு வேலை. இரண்டையும் அவர் ஒருவரே செய்தார்.

நௌரோஜி காலத்தில் கணக்கு கிடைப்பது அரிது. இன்றோ கணக்கு குவிந்து கிடக்கிறது. அதில் வேண்டியதைக் கண்டெடுப்பதுதான் அரிதாகி விட்டது. 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, எவரும் கேளாமலே இலாகாக்கள் தங்கள் விவரங்களை வெளியிட வேண்டுமென்று விதித்தது. 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது; அவ்வருஷமே எல்லா இலாகாக்களின் கணக்குகளுக்கும் பொதுவான ஒரு திறந்த தளமும் ஏற்பட்டது. தமிழ்நாட்டுக் கணக்குகளுக்கும் அதில் தனி இடம் உண்டு. லட்சக்கணக்கான கோப்புகள் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த ஜாபிதாவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் சங்கடம்! தலைப்பு பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். அதுவும் இலாகாக்காரர் தமக்குள் பேசிக்கொள்ளும் இங்கிலீஷ். அந்தச் சரியான சொல் தெரியாதவன் எத்தனை நாழிகை தேடினாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இவ்விடத்தில்தான் யந்திர உதவியாளர் உபயோகப்படுகிறது. 'எங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது?' என்று ஒருவர் தமிழில் கேட்டால், நிலத்தடி நீர் வாரியத்தாரின் ஆவணத்தில் அது எந்தத் தலைப்பின் கீழ் இருக்கும் என்பதை அது ஊகித்துக் கொள்கிறது. கோப்பின் பெயர், வெளியிட்ட இலாகா, வருஷம், அடங்கிய பத்திகள் ஆகிய குறிப்புகளை ஒத்துப் பார்த்து, இன்ன கோப்பு என்று காட்டுகிறது. ஒரு குமாஸ்தா ஒரு வாரம் தேடுவதை அது சில விநாடிகளில் தேடி விடுகிறது. இது சாமானிய நன்மையன்று. சென்னையிலும் டில்லியிலும் ஆராய்ச்சி நிலயங்களில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே வசப்பட்டிருந்த ஒரு வித்தை, கையில் ஒரு செல்போன் உள்ள எவருக்கும் கைவரும் நிலைமை உண்டாகியிருக்கிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் வரவேற்பதோடு நின்றுவிட நமக்கு மனம் வரவில்லை. திண்டுக்கல் நாகல் நகரையே எடுத்துக்கொள்வோம். சௌராஷ்டிர நெசவாளர் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்டு வாழ்ந்த பகுதி அது. அவ்வூர்த் தொண்டர் சிலர் கலெக்டருக்கு ஒரு மனு எழுத முற்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'நம் ஊரில் கைத்தறித் தொழிலாளர் எத்தனை பேர்?' என்று யந்திரத்தைக் கேட்கிறார்கள். 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கு இருக்கிறது. தேசம் முழுவதும் கைத்தறித் தொழிலாளர் 35.22 லட்சம் பேர் என்று அது சொல்கிறது. இந்தத் தொகை முழுவதையும் 'நெசவாளர்' என்று யந்திரம் ஒரே சொல்லில் அடக்கிவிடக் கூடும். உண்மையில் தறியில் உட்கார்ந்து நெய்வோர் 26.73 லட்சமே, மற்ற 8.48 லட்சம் பேர் பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல், சாயம் தோய்த்தல் போன்ற உப தொழில் செய்வோர். இந்த வித்தியாசம் அற்ப வித்தியாசமா? தார் சுற்றுகிற பெண்மணிக்கு நெசவாளர் என்ற பெயரால் வரும் சலுகை உண்டா இல்லையா என்ற வழக்கே இந்த வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கிறது.

மேலும், தேசத்துக்கு ஒரு தொகை இருப்பதனால் நாகல் நகருக்கும் ஒரு தொகை இருந்தாக வேண்டும் என்பதில்லை. தெருவாரியான கணக்கு வெளியிடப்படாதபோது 'இல்லை' என்பதே உண்மையான பதில். யந்திரத்துக்கு இந்த ஒரு சொல்தான் எளிதில் வாயில் வருவதில்லை! ஜாபிதாவை வாசிக்க அதற்கு வழி செய்து கொடுக்காத பொழுது, எங்கெங்கோ படித்த வாசகங்களின் போக்கிலிருந்து, உண்மை போல் தோன்றும் ஓர் எண்ணைக் கட்டிச் சொல்லிவிடுகிறது. அதைப் புள்ளியும் தசமமும் வைத்துச் சொல்கிறது. வழி செய்து கொடுத்த பின்னும், மாகாணத்தின் தொகையை எடுத்து ஜில்லாவின் தொகையாக நீட்டிவிடும் அபாயம் அடியோடு நீங்கவில்லை.

ஊர்ப் பெயரால் வரும் குழப்பம் தனி. 1985 செப்டம்பர் 15-ஆம் தேதி வரை திண்டுக்கல் என்று ஒரு ஜில்லாவே கிடையாது. அது மதுரையின் பகுதி. பிரிந்த பின்னர் காயிதே மில்லத் பெயரையும், பிறகு அண்ணா பெயரையும் அது தாங்கியிருந்தது. 1997-இல் தலைவர்களின் பெயர்களை ஜில்லாக்களிலிருந்து எடுத்த பிறகுதான் வெறும் திண்டுக்கல் ஆயிற்று. 1981-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் 'மதுரை' என்றிருந்தால், இன்றைய மதுரை, திண்டுக்கல், தேனி மூன்றும் சேர்ந்தது என்று பொருள். நகரத்தின் கதையும் அப்படியே: 1866-இல் முனிசிபாலிடியான திண்டுக்கல் 2014-இல் கார்ப்பரேஷன் ஆயிற்று. 2011-ஆம் வருஷத்துக் கணக்கில் நகரத்தின் ஜனத்தொகையாகக் கண்ட 2,07,327 என்பது முனிசிபாலிடி எல்லைக்குள் எண்ணிய தொகை. இவ்வளவும் தெரிந்த ஒரு பழைய ரெவினியூ குமாஸ்தா 'மதுரைக் கட்டையும் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லி விடுவார். யந்திரமோ, நாம் கேட்ட பெயரைத் தேடி, அது அகப்படாவிடில் '1985-க்கு முன் விவரம் இல்லை' என்று முடித்து விடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் தண்ணீர். தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நீரால் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகள் கெட்டது ஊரறிந்த துயரம். 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தார் தொடர்ந்த வழக்கில் தீர்ப்புக் கூறியபோது, ஐந்து ஜில்லாக்களின் தோல் சாலைகளுக்குத் தலைக்குப் பதினாயிரம் ரூபாய் அபராதம் விதித்தனர். அந்த ஐந்தில் 'திண்டுக்கல் அண்ணா' ஜில்லாவும் ஒன்று. அசுத்தம் செய்தவனே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டுமென்ற கொள்கை நமது தேசத்துச் சட்டத்தின் ஒரு பகுதியென அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அதன் பிறகு ஒரு கிராமத்துக் கிணறு தேறிற்றா, மேலும் கெட்டதா என்று கேட்க ஊராருக்கு உரிமை உண்டு. பதில் சர்க்காரின் கோப்புகளில்தான் இருக்க வேண்டும்.

அக்கோப்பை யந்திரம் எடுத்துக் கொடுத்தது என்றே கொள்வோம். நீர்மட்டக் கணக்கில் எழுதப்படுவது தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே தண்ணீர் நிற்கிறது என்ற அளவு. நான்கு என்றிருந்தது ஒன்பது என்றானால் தண்ணீர் கீழே போயிற்று என்று அர்த்தம். எண் உயர்ந்ததைக் கண்டு 'நீர்மட்டம் உயர்ந்தது' என்று எழுதுகிறவர் மனிதரிலும் உண்டு, யந்திரத்திலும் உண்டு. அன்றியும் வாரியத்தார் வருஷத்தில் நான்கு தடவை அளக்கிறார்கள். நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைதான் பெரும்பாலும் கிணற்றை நிரப்புவது. ஒரு வருஷத்து மே மாதத்து அளவையும் மறு வருஷத்து நவம்பர் மாதத்து அளவையும் ஒப்பிட்டுப் பஞ்சம் தீர்ந்தது என்று கூறினால் அதைவிடப் பெரிய ஏமாற்று வேறில்லை. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் இரண்டு அளவுகளைச் சொல்கிறது. இரண்டில் எதை வைத்து 'நல்ல தண்ணீர்' என்று யந்திரம் தீர்ப்புச் சொன்னது என்பதை யார் கேட்பது?

இது வீண் பயம் என்பார் நியூயார்க் நகரத்தைப் பார்க்கட்டும். 2023 அக்டோபரில் அந்நகர சர்க்காரே, வியாபாரிகளுக்குச் சட்டம் சொல்வதற்கென்று இத்தகைய உதவியாளர் ஒன்றை ஏற்படுத்தியது. 2024 மார்ச்சில் பத்திரிகைக்காரர் அதைச் சோதித்தபோது, தொழிலாளிக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் இனாம் பணத்தை முதலாளி எடுத்துக்கொள்ளலாம் என்று அது கூசாமல் யோசனை சொன்னது அம்பலமாயிற்று. அது அந்நகரத்துச் சட்டத்துக்கு நேர் விரோதம். சர்க்கார் முத்திரை பெற்ற யந்திரத்தின் கதி இது.

ஆகவே இதை விலக்கி வைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் அக்கட்சியில் இல்லை. ஜாபிதா இப்போதிருக்கும் கோலத்தில் இருந்தால், யந்திரத்தை விலக்குவது ஏழை மனுதாரரைத்தான் விலக்கும். பணமுள்ள கம்பெனிகள் தங்கள் ஆட்களை வைத்துத் தேடிக்கொள்ளும். ஆனால் ஒன்று. யந்திரம் வந்துவிட்டது, இனி ஜாபிதாவைச் சீர்திருத்த வேண்டியதில்லை என்று இலாகாக்கள் கையைக் கட்டிக்கொள்வதற்கு நாம் ஒருபோதும் சம்மதியோம். யந்திரத்தின் தவறுகளில் பாதிக்கு மூலம் இலாகாவின் சோம்பல். அச்சடித்த பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றிவிட்டு அதைக் கணக்கு என்கிறார்கள். 'மட்டம்' என்று தலைப்பிட்டுவிட்டு, மேலிருந்தா கீழிருந்தா என்று எழுதுவதில்லை. ஜில்லா எல்லை மாறியதை ஓரத்தில் குறிப்பதில்லை. 1956-இல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம் தமிழே ஆட்சிமொழி என்கிறது. அச்சட்டம் கணக்குக் கோப்பின் தலைப்புக்குச் செல்லாதென்று எந்த விதியில் எழுதியிருக்கிறது? ஒவ்வொரு கோப்புக்கும் தமிழில் தலைப்பும், இன்னது எண்ணப்பட்டது, இன்னது எண்ணப்படவில்லை என்று ஐந்து வரி விளக்கமும் எழுதி வைக்கத் தமிழ்நாட்டு சர்க்காருக்கு டில்லியின் உத்தரவு தேவையில்லை.

நமது தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. யந்திரம் சொன்ன எண்ணை மனுவில் எழுதாதீர்கள். யந்திரம் காட்டிய கோப்பைத் திறந்து, அதில் உங்கள் கண்ணால் கண்ட எண்ணை எழுதுங்கள். கோப்பின் பெயர், இலாகா, வருஷம் மூன்றையும் மனுவிலேயே குறியுங்கள். கோப்பைக் காட்ட முடியாத யந்திரத்தின் பதிலைக் காற்றில் விடுங்கள். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் முன் ஒரு பொய் எண் அகப்பட்டுவிட்டால், அந்த ஒரு மனு மட்டும் தள்ளுபடியாகாது. அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பத்து மனுக்களின் மதிப்பும் அதனோடு போய்விடும். கோப்பில் இல்லாத விஷயத்துக்கு ஜே.ஸி. குமரப்பா காட்டிய வழி இருக்கிறது. குஜராத் வித்யாபீடத்தின் சார்பில் மாதர் தாலுகாவின் பொருளாதார நிலைமையை, சர்க்கார் கணக்கை நம்பி உட்காராமல், கிராமம் கிராமமாகச் சென்று விசாரித்து 1931-இல் அவர் வெளியிட்டார். நாகல் நகரில் எத்தனை தறி ஓடுகிறது என்று எண்ண நான்கு இளைஞரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1956 முதல் கிராமியக் கல்விக்கென்றே நடக்கும் கலாசாலை அங்கே உண்டு. அதன் மாணவர்கள் இவ்வேலையில் கைகொடுக்க முன்வந்தால் ஜில்லா முழுவதற்குமே ஒரு கணக்கு எடுத்துவிடலாம். சர்க்காரின் கணக்கோடு அதை ஒத்துப் பார்ப்பதற்கு அப்போது யந்திரம் நன்றாக உதவும்.

2011-க்குப் பிறகு எடுக்க வேண்டியிருந்த ஜனத்தொகைக் கணக்கு 2021-இல் எடுக்கப்படாமல் தள்ளிப் போயிற்று. 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவது என்றும், மார்ச்சு 1-ஆம் தேதியைக் கணக்குத் தேதியாகக் கொள்வது என்றும் இந்திய சர்க்கார் 2025 ஜூனில் அறிவித்தது. அக்கணக்கு வெளியாகும் பொழுது, திண்டுக்கல் கார்ப்பரேஷனின் வார்டுவாரிப் பட்டியல்கள் தமிழ்த் தலைப்போடும், 2011-இன் எல்லைக்கும் 2027-இன் எல்லைக்கும் உள்ள வித்தியாசக் குறிப்போடும் ஜாபிதாவில் ஏறியிருக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை இப்போதே தொடங்குவார்களா என்று நமது சட்டசபை அங்கத்தினர்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் அடுத்த கூட்டத்திலேயே கேள்வி போட வேண்டுமெனக் கோருகிறோம்.