அப்பாவுக்கு ரோமைக் காட்டுவது எப்படி?

வெளிநாட்டில் படிக்கிற எல்லோருக்கும் ஒரு நாள் அந்த போன் வரும். "டிக்கெட் போட்டாச்சு, வர்றேன்" என்று வீட்டிலிருந்து ஒரு குரல். சந்தோஷத்தில் குதித்துவிட்டு, அடுத்த நிமிடமே எங்கெங்கே கூட்டிப் போவது என்று பட்டியல் போட உட்காருவோம். நானும் போட்டேன். பி.காம் படிக்கிறவள் இல்லையா, எக்ஸெல்லிலேயே போட்டேன். நேரம், பஸ் நம்பர், நுழைவுக் கட்டணம், கடைசியில் கூட்டுத்தொகை எல்லாம் பக்கா :-)

அந்தப் பட்டியலைப் போட்டதே தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றி. காங்கேயத்தில் எங்களுக்கு எண்ணெய்க் கடை. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய். கடையில் இருபது பேர் நின்றாலும் கால்குலேட்டரைத் தொடாமல் கணக்குப் போட்டுச் சில்லறை கொடுப்பார். நான் ஒரு செமஸ்டர் படிக்க ரோமுக்கு வந்தபோது வழியனுப்பக்கூட கடையை மூடாதவர், வேன் வாங்கப் போட்டிருந்த சீட்டை எடுத்து ஐந்து நாளைக்கு என்னைப் பார்க்க வந்தார்.

முதல் நாள் கொலோசியம். கி.பி. 80-இல் திறந்தது, ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம், இத்தனை வாசல் என்று நான் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். அப்பா "ஓஹோ" என்றார். டிக்கெட் 18 யூரோ என்றதும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து முகம் மாறினார். அன்று முழுக்க அவராகப் போட்ட ஒரே கணக்கு அதுதான்.

இரண்டாம் நாள் ஸ்பானியப் படிக்கட்டு. நடந்து நடந்து முட்டி வலி. "அம்மிணி, இங்க செத்த உக்காரலாமா?" என்று கேட்டார். 2019-லிருந்து அங்கே உட்கார்ந்தால் அபராதம். "உக்காரக் கூடாதுங்கப்பா, ஃபைன் போடுவாங்க" என்று காவலாளி மாதிரிச் சொன்னேன். அவர் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். ரோடு தாண்ட, காபி கேட்க, கழிவறை எங்கே என்று தெரிந்துகொள்ள, எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார். காங்கேயத்தில் பத்து பேருக்கு வழி சொல்கிற மனுஷன் இவர்.

அன்று மத்தியானம் ஃபோரம். இங்கேதான் ரோமானியர்களின் மிளகுக் கிடங்கு இருந்தது, டொமிஷியன் காலத்தில் கட்டியது, நம் பக்கத்து மிளகு இதற்குள் வந்து குவிந்தது, பதிலுக்கு அவர்கள் காசு நம் கரூர், வெள்ளலூர் வரைக்கும் வந்தது என்று பெருமையாகச் சொன்னேன். இதற்காவது கண் விரியும் என்று பார்த்தேன். அவர், "வெயில் ஜாஸ்தியா இருக்கு, போலாமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதே டிக்கெட்டில் பாலடைன் குன்றும் பாக்கி இருந்தது. "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா, சும்மா வாங்க" என்றேன். ஒன்றும் பேசாமல் பின்னாலேயே குன்று ஏறினார்.

கொடுத்த காசு திரும்பி வராது, அதை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்று சங்க் காஸ்ட் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். அதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். டிக்கெட் வீணாகக் கூடாது என்று முட்டி வலிக்கிற அப்பாவை ஏற வைத்ததும் நான்தான்.

அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் "நல்லாக் காட்டுறா புள்ள" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் பட்டியலில் இல்லாத இடத்துக்குப் போனோம். திட்டமெல்லாம் இல்லை. என் அறைக்குப் பக்கத்தில் டெஸ்டாச்சோ சந்தை, காய்கறி வாங்கப் போனேன், அவரும் கூட வந்தார். சந்தைக்கு எதிரே புல் முளைத்த ஒரு குன்று. "இதென்ன மலை?" என்றார். "மலை இல்லீங்கப்பா, எண்ணெய்ச் சாடி உடைச்சுப் போட்ட குப்பை" என்றேன்.

அப்பா நின்றுவிட்டார்.

அது நிஜமாகவே குப்பை மேடுதான். சுமார் 35 மீட்டர் உயரம், சுற்றி வந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஐந்து கோடிச் சாடிகளுக்கு மேல் இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் இன்றைய தெற்கு ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகள். ஆற்றுத் துறையில் இறக்கி, எண்ணெயை ஊற்றிக்கொண்டு, சாடியை உடைத்து இங்கே அடுக்கியிருக்கிறார்கள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வரை இதே வேலை.

மேலே ஏற முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், நாங்கள் செய்யவில்லை. ஆனால் குன்றின் அடியைக் குடைந்து உணவகங்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் பின்சுவர் கண்ணாடி. அதன் வழியாக ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. இரண்டு காபி சொல்லிவிட்டு அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"ஏன் உடைச்சாங்க, திருப்பி ரொப்பியிருக்கலாமே?" என்று நான் கேட்டேன். முதல் முறையாக நான் கேட்கிறேன், அவர் சொல்கிறார். "மண் சாடி எண்ணெயைக் குடிச்சிரும் கண்ணு. குடிச்ச எண்ணெய் சிக்குப் பிடிச்சுக் காறல் வாடை வரும். அதுல புது எண்ணெய் ஊத்துனா அதுவும் கெட்டுப் போகும்." ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. வாடை வராமல் இருக்க ஓட்டுக் குவியல் மேல் சுண்ணாம்பு தூவினார்கள் என்றேன். "பின்ன, தூவாம முடியுமா? ஊரே நாறியிருக்கும்" என்றார்.

சாடிகளின் மேல் மையால் எழுதியிருந்ததைப் பற்றிச் சொன்னேன். காலிச் சாடியின் எடை, உள்ளே இருக்கிற எண்ணெயின் எடை, அனுப்பிய வியாபாரி பெயர், சரிபார்த்த விவரம் எல்லாம் இருக்கும். போனில் படம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "காலி எடையைத் தனியா எழுதியிருக்கான் பாரு. அப்பவே இதுல ஏமாத்து நடந்திருக்கு, அதான் எழுதுறான்" என்று சிரித்தார். ஒரு சாடி சுமார் 30 கிலோ, உள்ளே 70 லிட்டர் போல எண்ணெய் என்றதும், "பதினஞ்சு கிலோ டின்னு நாலுக்கு மேல. ரெண்டு ஆள் வேணும் தூக்க" என்றார். கால்குலேட்டர் இல்லாமல்தான் :-) காங்கேயத்தில் கல்லாவில் உட்காருகிற அப்பா அந்த மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். சுற்றிக் காட்டுகிறேன் என்ற பெயரில் நாம் பெற்றவர்களை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பி, நாம் வாத்தியார் ஆகிவிடுகிறோம். பாஷை தெரியாத ஊரில் ஏற்கெனவே பாதியாகக் குறைந்து நிற்கிறவரை இன்னும் குறைக்கிறோம். நமக்குத் தெரிந்ததைக் காட்டுவதைவிட, அவருக்குத் தெரிந்த விஷயம் அந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று தேடுவது நல்லது. பழைய நகரங்களில் அது கட்டாயம் இருக்கும். ராஜாக்கள் மட்டும் வாழ்ந்து ஒரு நகரம் பழசாவதில்லையே.

ரோமையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா கொத்தனாரா? பாந்தியன் போங்கள். கம்பியே போடாமல் 43 மீட்டர் அகலக் கான்கிரீட் கூரை, பளு குறைய மேலே போகப் போக லேசான கல்லாகக் கலந்திருக்கிறார்கள். 2023-லிருந்து கட்டணம் உண்டு, கொடுக்கலாம். அம்மா நர்ஸா? டைபர் நதித் தீவில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே வைத்தியக் கடவுளுக்குக் கோயில் இருந்தது, பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அதே தீவில் ஆஸ்பத்திரி. வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்ட விவசாயியா? ஊருக்கு வெளியே பூங்காவில் கி.பி. 52-இல் முடித்த கிளாடியஸ் கால்வாயின் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே டிக்கெட்டும் இல்லை.

"அப்போ கொலோசியம் வேண்டாமா? அவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஊரில் கேட்பார்கள், போட்டோ வேண்டும். ஒன்று பாருங்கள், வெயிலுக்கு முன்னால். என் அப்பாவும் கொலோசியம் போட்டோவைத்தான் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்கிற கதை சாடி மலைக் கதை என்று அம்மா சொல்கிறாள்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று சொன்னதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கேட்கிற பழக்கம் இல்லை. விமான நிலையத்தில், "அடுத்த தடவை நீங்க எனக்குக் கடையைச் சுத்திக் காட்டுங்கப்பா" என்றேன். "இருபது வருஷமா அங்கதான இருக்கற, புதுசா என்னத்தக் காட்டறது?" என்றார்.

இருபது வருஷமாக நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

பி.கு: நீங்கள் யாரையாவது இப்படிக் கூட்டிப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா? சொல்லுங்கள். அடுத்த மாதம் அம்மா வருகிறாள், இந்த முறை எக்ஸெல் ஷீட் கிடையாது!