போதாதது பாலா, நேரமா?

“பால் பத்தலை!” இந்த இரண்டு சொல் போதும், பிள்ளை பெற்றவளின் மனம் ஒடிந்துவிடும். ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது பழகிய பேச்சு. மாலையில் குழந்தை வீறிட்டால் அத்தையும் பெரியம்மாவும் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மறுநாளே பால்மாவு டின் வீட்டுக்கு வந்துவிடும்.

உண்மை என்ன? தாய்ப்பால் குடத்து நீரன்று, ஊற்று. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். புட்டி புகுந்தால் மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். பத்தலை, பத்தலை என்று சொல்லியே பத்தாமல் செய்துவிடுகிறோம்! அழுகை இதற்கு அளவுகோல் ஆகாது. முதல் வாரத்திற்குப் பின் நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். எடை ஏறாவிட்டால் உடனே கிளினிக் மிஸ்ஸியிடம் காட்ட வேண்டும். தைராய்டு குறைபாடு, பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு போன்றவற்றால் சிலருக்கு உண்மையிலேயே பால் குறையலாம். அவர்கள் மாவுப்பால் கொடுப்பது குற்றமன்று.

தாயின் இந்த அச்சம் வணிகர்களுக்கு நல்ல சந்தை. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். இனிப்பூட்டிய டின் பாலைத் தாய்மாரிடம் தள்ளிவிடும் விளம்பரங்கள் பச்சிளங்குழந்தைகளைக் கொல்கின்றன என்று சாடினார். அத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக நெறிமுறையை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்க 1981 வரை ஆயிற்று!

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்கிறது அதே நிறுவனம். நம் நாட்டின் தனியார் துறையில் பேறுகால விடுப்போ 98 நாள். 2023-க்கு முன் 60 நாள்தான். 98 நாள் என்பது 14 வாரம். மீதி 12 வாரத்திற்கு என்ன வழி? சரிவில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு, குழந்தையிடம் வந்து பால் கொடுக்க நேரம் தருவது யார்? நேரத்தைப் பறித்துவிட்டு அவள் உடம்பைக் குறை சொல்வது நியாயமா?

நண்பர்களே, பால்சுறாவும் முருங்கைக்கீரையும் ஆக்கிப்போடுவது அன்புதான். அதோடு அவள் துணிகளைத் துவைத்துக் கொடுப்பதும் அன்பே. நாளை முதலாளியாக, மேலாளராக, மருத்துவராகப் போகிறவர்கள் நாம். வேலையிடத்தில் ஓர் அறையும் அரைமணி நேரமும் ஒதுக்க நம்மால் முடியாதா? அதுவரை ஒன்று செய்வோம். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனால், “பால் பத்துதா?” என்று கேட்க வேண்டாம். “நீ சாப்பிட்டியா, தூங்கினியா?” என்று கேட்போம்!