கதிரை அளக்கும் ஜெல்லி



புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோரின் இல்லங்களில் நாம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: “சாமி, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் கட்டியின்மேல்தான் படுகிறதா? பக்கத்திலுள்ள நல்ல உறுப்பையும் பொசுக்கிவிடாதா?” அச்சம் நியாயமானதே. கட்டியில் அளவு குறைந்தால் நோய் மீளலாம். முதுகுத் தண்டில் அளவு மிகுந்தால் கால்கள் செயலிழக்கலாம். அளவைச் சரிபார்க்கும் பொறுப்பு மருத்துவ இயற்பியலாளருடையது. அப்படி ஒருவர் மருத்துவமனையில் இருப்பதையே நம்மில் பலர் அறியோம்.

அவர் எவ்வாறு அளக்கிறார்? அயனிக் கலம் என்னும் சிறு கருவி ஒரு புள்ளியின் அளவைத் துல்லியமாகக் கூறும். ஃபிலிம் ஒரு தளத்தைக் காட்டும். கட்டியோ நீளம், அகலம், ஆழம் மூன்றும் உடையது. இக்காலத்தில் பல திசைகளினின்றும் கதிர்களைப் பாய்ச்சிக் கட்டியின் வடிவத்திற்கேற்ப அளவைச் செதுக்குகிறார்கள். அளக்காத இடத்தில் நிகழ்ந்ததை எது சொல்லும்?

1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் கோர் முதலியோர் ஒரு வழி கண்டனர். அன்னபேதி உப்புக் கரைசலை ஜெலட்டினில் உறையவைத்தால், கதிர் பட்ட இடத்து இரும்பின் தன்மை மாறும், எம்.ஆர்.ஐ. கருவி அதனைப் படமெடுக்கும். ஆயினும் மாறிய இரும்பு, நீரில் விட்ட மைத்துளிபோல் மெல்லப் பரவியது; சில மணி நேரத்தில் படம் கலங்கிற்று.

1993இல் மாரியான்ஸ்கியும் கோர் குழுவினரும் இரும்பை விடுத்து அக்ரிலமைடு போன்ற பொருள்களைச் சேர்த்தனர். கதிர் பட்ட இடத்தில் இவற்றின் சிறு மூலக்கூறுகள் கைகோத்துப் பாலிமர்ச் சங்கிலிகளாகி, அங்கேயே தங்கிவிடும். கதிர் மிக மிக வெண்மையும் மிகும். ஜெல்லியின் பெரும்பகுதி நீரே. ஆதலால் ஏறக்குறைய நம் தசையைப்போலவே அது கதிரை ஏற்கும்.

இங்கும் ஒரு சங்கடம். நம்மை வாழவைக்கும் பிராணவாயு இந்த ஜெல்லிக்குப் பகை! சிறிது கலந்தாலும் சங்கிலி கோக்கவிடாது. எனவே நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் மிகுந்த சிரமத்துடன் அதனைத் தயாரிக்க வேண்டியிருந்தது. சாதாரண மருத்துவமனை இதற்கு எங்கே போகும்?

2001இல் கோர் குழுவினர் தந்த தீர்வு நமக்கு வியப்பளிக்கிறது. நெல்லிக்கனியிலுள்ள வைட்டமின் சி, உழவர் அறிந்த மயில்துத்தம் ஆகிய இரண்டையும் சேர்த்தனர். முன்னது பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும். பின்னது அதற்குத் துணைபுரியும். சாதாரண மேசைமீதே ஜெல்லி காய்ச்சலாம் என்றாயிற்று. அக்ரிலமைடு நரம்பைத் தாக்கும் நஞ்சு என்பதால், 2006இல் நச்சுத்தன்மை குறைந்த மாற்றுப்பொருளொன்றும் வந்தது.

குறைகள் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஒரு முறை காய்ச்சியது போல் மறுமுறை அமைவதில்லை; படமெடுக்கும் வேளையில் வெப்பநிலை சற்று மாறினாலும் கணக்குப் பிசகும்; ஒருமுறை கதிர் பட்டதை மீண்டும் பயன்படுத்தவும் இயலாது. ஆகவே அன்றாடச் சோதனைக்கு அயனிக் கலமும் அதன் இனத்துக் கருவிகளுமே இன்றும் முன்னிற்கின்றன. ஜெல்லி பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலும், புதிய சிகிச்சை முறைகளைச் சோதிக்கும் இடங்களிலும் பயன்படுகிறது.