பதினெட்டு வயசு ஆயிட்டா அரசாங்கத்தோட கடமை முடிஞ்சிடுமா?



மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதில் பிரிவு 31 என்ன சொல்லுது? 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. சரி. 18 முடிஞ்ச மறுநாள்?

மறுநாள்ல இருந்து வீடுதான். டிவி, பாய், திண்ணை. சிறப்புப் பள்ளி வேன் தெருவுக்குள்ள வராது. தானா சட்டைப் பொத்தான் போடக் கத்துக்கிட்ட பையன் கொஞ்ச நாள்ல அதையும் விட்டுடுறான். அம்மாவுக்குக் காலையில ஆயிரம் வேலை, நாமே போட்டுவிட்டா சீக்கிரம் முடியும். அந்த அம்மாவைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. அவங்க நூறு நாள் வேலைக்கும் போகணும், மகனையும் பார்க்கணும்.

இப்படி வீட்டுக்குள்ளயே 30, 40 வயசைத் தாண்டினவங்க நம்ம ஊர்கள்ல இருக்காங்க. அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம்னு காரணம் வேறவேற. பூத் ஸ்லிப் கொடுக்க வீடு வீடாப் போற தோழர்களுக்கு இது நல்லாவே தெரியும். பெத்தவங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான்: "நாங்க கண்ணை மூடிட்டா இவன் கதி என்ன?"

இதுக்கு ஆட்சியில இருக்கிறவங்க ரெண்டு பதில் வெச்சிருக்காங்க. ஒண்ணு, மாசாமாசம் பணம். இன்னொண்ணு, ஏதாவது ஒரு இல்லத்துல சேர்த்துடுங்க.

முதல்ல பணத்தைப் பார்ப்போம். ஒன்றிய அரசு ஓய்வூதியத் திட்டத்துல மாற்றுத்திறனாளிக்குத் தர்ற பங்கு மாதம் 300 ரூபாய். 2012-ல நிர்ணயிச்சது, அங்கேயே நிக்குது. அதுவும் 80 விழுக்காடு பாதிப்பு இருக்கணும், வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கணும். ஒரு நாளைக்கு 10 ரூபாய். டீக்கடையில போய்க் கேட்டுப் பாருங்க, ஒரு டீ கிடைக்குமான்னு. மாநில அரசு கடுமையா பாதிக்கப்பட்டவங்களுக்கு மாதம் 2,000 ரூபாய் தருது. எவ்வளவோ மேல், மறுக்கல. ஆனா அதோட பேரைக் கவனிங்க: "பராமரிப்பு" உதவித்தொகை. அதாவது அவரை யாரோ பராமரிக்கணும். அவரே வாழுவார்ங்கிற நினைப்பு அந்தப் பேர்லயே இல்லை.

அடுத்தது இல்லம். ஏர்வாடியை மறந்துட்டோமா? 2001 ஆகஸ்ட் 6. மனநலம் பாதிக்கப்பட்டவங்களைச் சங்கிலியால கட்டி வெச்சிருந்த கொட்டகையில தீப்பிடிச்சது. 28 பேர் செத்தாங்க. ஓட முடியல, கால்ல சங்கிலி. அதுக்கப்புறம் சட்டம் மாறுச்சு, சங்கிலி தப்புன்னு ஆச்சு. ஆனா "இவங்களை ஒரு இடத்துல அடைச்சு வெச்சாத்தான் பத்திரம்"ங்கிற எண்ணம் மாறினதா? பூட்டின கேட்டும் ஒரு வகைச் சங்கிலிதான் தோழர்களே.

மூணாவது பதில் ஒண்ணு இருக்கு. தானா வாழக் கத்துக்கொடுக்கிறது. இது நாம கண்டுபிடிச்ச கோரிக்கை இல்லை. மாற்றுத்திறனாளி எங்கே, யாரோட வாழணும்னு யாரும் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, சமூகத்துக்குள்ள வாழத் தேவையான உதவியை அரசு செய்யணும்னு அதே 2016 சட்டத்தோட பிரிவு 5 சொல்லுது. 1999-ல வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தோட முதல் நோக்கமே, முடிஞ்ச அளவுக்குச் சுதந்திரமா, தங்கள் சமூகத்துக்குள்ளயே வாழ வைக்கிறதுதான். ஐ.நா. உடன்படிக்கையோட 19-வது பிரிவும் இதேதான். 2007-ல இந்தியா அதை ஏத்துக்கிட்டு உறுதி கொடுத்திருக்கு.

உடனே ஒரு குரல் வரும்: "அவங்களுக்கு எப்படிங்க சொல்லிக் கொடுக்க முடியும்? கேஸை திறந்து விட்டுட்டா?"

முடியும். முறை இருக்கு. டீ போடுறதை எடுத்துக்குங்க. நமக்கு அது ஒரு வேலை, பயிற்றுநருக்கு அது பதினஞ்சு சின்ன வேலை. பாத்திரம் எடு, தண்ணி ஊத்து, அடுப்பை வை, பத்த வை... சிலருக்குக் கடைசிப் படியில இருந்து ஆரம்பிப்பாங்க. மத்ததெல்லாம் பயிற்றுநர் செய்வார், டம்ளர்ல ஊத்துறது மட்டும் அவர். முதல் நாளே "நான் டீ போட்டேன்"னு குடிப்பார். அடுத்து வடிகட்டுறது. அப்படியே பின்னால நகர்ந்து, ஒரு நாள் முழு டீயும் அவர் கையில வரும். கேஸ் பயமா இருந்தா இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கு. கணக்கு வராதா? 37 ரூபாய்னு கடைக்காரர் சொன்னா நாலு பத்து ரூபாயை எடுத்துக் கொடுன்னு பழக்கலாம். கழித்தல் கணக்கு தெரிய வேண்டியதில்லை, மீதியைக் கேட்டு வாங்கத் தெரிஞ்சா போதும்.

ஒண்ணு மட்டும் முக்கியம். இதை ஹால்ல உக்கார வெச்சுச் சொல்லித் தர முடியாது. பிளாஸ்டிக் காய்கறியும் காகித நோட்டும் வெச்சு நடத்துற பாடம் ஹாலோட நின்னுடும். அந்த அடுப்பங்கரையில, அந்த ரேஷன் கடை வரிசையில, அந்தப் பஸ் ஸ்டாப்புல சொல்லித் தரணும். 2021-ல இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துல மாற்றுத்திறனாளிக்கும் உடன் வர்றவருக்கும் டிக்கெட் கிடையாது. நல்ல திட்டம். எந்த நம்பர் பஸ், எங்க இறங்கணும், தப்பா ஏறிட்டா யாரைக் கேக்கணும்னு கூடவே பத்துத் தடவை போய்ப் பழக்கினா, பதினோராவது தடவை உடன் வர்றவர் சீட்டு காலியா இருக்கும்.

இன்னும் ஒண்ணு, பேசக் கூச்சப்படுற விஷயம். மாதவிடாய் நேரத்துல தன்னைத் தானே பார்த்துக்கிறது, யாராவது தப்பா தொட்டா "வேணாம்"னு கத்துறது, நம்பிக்கையானவங்ககிட்ட வந்து சொல்றது. வீட்டுக்குள்ள இருந்தா பெண் பத்திரமா இருப்பான்னு நினைக்கிறோம். கத்துக்கொடுக்காம வெச்சிருக்கிறதுதான் பெரிய ஆபத்து.

இது முடியுமான்னு கேக்குறவங்க சென்னையில பானியன் அமைப்பு நடத்துற வீடுகளைப் போய்ப் பார்க்கட்டும். பல வருஷம் மனநலக் காப்பகத்துல இருந்தவங்க, நாலஞ்சு பேரா, சாதாரணத் தெருவுல வாடகை வீட்டுல இருக்காங்க. கடைக்குப் போறாங்க, சமைக்கிறாங்க, சண்டையும் போட்டுக்குறாங்க. துணைக்குப் பணியாளர் இருக்காங்க. துணையோட வாழ்றதும் சுதந்திரம்தான். நம்ம யார் வீட்ல ஒருத்தர் துணை இல்லாம ஒருத்தர் வாழ்றோம்?

18-க்கு அப்புறம் ஒண்ணுமே இல்லைன்னு சொல்லல. தொழிற்பயிற்சி இல்லங்கள் இருக்கு. மெழுகுவத்தி, காகிதக் கவர், மிதியடி. டிசம்பர் 3 வந்தா அதையெல்லாம் மேசையில அடுக்கி அமைச்சர் ஒண்ணு வாங்குவார், போட்டோ வரும். மிதியடி பின்னத் தெரிஞ்சவருக்கு அதுல வந்த காசைத் தன் கணக்குல போட்டு எடுக்கத் தெரியுமான்னு யாரும் கேக்குறதில்லை. பேங்க்குக்குப் போனா "கார்டியன் யாரு?"ங்கிறாங்க. தன் பணத்தைத் தானே நிர்வகிக்க உரிமை உண்டுன்னு பிரிவு 13 இருக்கு. சட்டத்தைப் படிக்க வேண்டியவர் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உக்கார்ந்திருக்கார்.

ஏன் நடக்கலைன்னு கேட்டா, சட்டத்துக்குள்ளயே ஒரு ஓட்டை வெச்சிருக்காங்க. சமூகப் பாதுகாப்புக்கான பிரிவு 24, மறுவாழ்வுக்கான பிரிவு 27, ரெண்டையும் படிங்க. அரசின் "பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு"ன்னு வரும். கார்ப்பரேட் வரியை 2019-ல 30-ல இருந்து 22 விழுக்காடாக் குறைச்சப்போ இந்தத் திறன் எங்க இருந்து வந்துச்சு? மூளை முடக்குவாதம் வந்த தங்கச்சிக்கு ஒரு பயிற்றுநர் கேட்டா மட்டும் கஜானா காலியா?

பயிற்றுநர்னு சொன்னதும் இன்னொரு அநியாயம். அரசுப் பள்ளிகள்ல சிறப்புப் பயிற்றுநர்களை வருஷக்கணக்கா தொகுப்பூதியத்துலயே வெச்சிருக்காங்க. ஒருத்தருக்குத் தானா சாப்பிடக் கத்துத் தர மாசக்கணக்குல பொறுமை வேணும். நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாதவர்கிட்ட அந்தப் பொறுமையை எப்படிக் கேக்குறது?

நாம கேக்குறது இதுதான். ஒவ்வொரு ஒன்றியத்துலயும் 18 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு வாழ்வியல் பயிற்சி. அடுப்போட, கழிப்பறையோட, படுக்கையோட ஒரு சாதாரண வீடு, தெருவுக்குள்ளயே. வீட்டுக்கே போய்ச் சொல்லித் தர, நிரந்தரப் பணியில பயிற்றுநர். இல்லத்துல அடைபட்டவங்க வெளியே வந்து வாழ வாடகை உதவி. என்ன கத்துக்கணும்னு முடிவு பண்ற குழுவுல மாற்றுத்திறனாளிகளே பாதிப் பேர்.

அடுத்த கிராம சபை எப்போன்னு தெரியும்ல? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எது முன்னால வருதோ அதுல தீர்மானம் கொண்டு வாங்க. அதுக்கு முன்னாடி உங்க வார்டுல 18 தாண்டி வீட்டுக்குள்ள இருக்கிறவங்க எத்தனை பேர்னு எண்ணுங்க. வீட்டாரோட மட்டும் பேசிட்டு வந்துடாதீங்க, அவர்கிட்டயே கேளுங்க, என்ன கத்துக்க ஆசைன்னு. வெறும் எண்ணிக்கையை மட்டும் தீர்மானத்துல எழுதுங்க, பேர் வேண்டாம். சபைக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. வாசல்ல படி இருந்தா அந்தப் படியையும் சேர்த்து முதல் தீர்மானமா எழுதுங்க.

#பதினெட்டுக்குப்பிறகுஎன்ன
#வாழக்கத்துக்கொடு