வயலைப் பார்க்கப் போறவர்களுக்கு

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் இஃபுகாவோ மலைகளில் இருக்கிற நெல் வயல்களைப் பற்றி எந்தப் பயண வீடியோவைப் பார்த்தாலும், முதல் வசனம் பெரும்பாலும் ஒண்டுதான்: இவை 2000 வருடப் பழமையானவை. பிறகு ட்ரோன் மேலே எழும்பும். படிப்படியாகப் பச்சை விரியும். மனுசர் புள்ளியாகிப் போவார்கள்.

இந்த 2000 வருடம் எங்கேயிருந்து வந்தது? கடந்த நூற்றாண்டில் அங்கே ஆய்வு செய்த ஒட்லி பேயர் போன்ற அமெரிக்க மானிடவியலாளர்கள், இவ்வளவு மலையைச் செதுக்க எவ்வளவு காலம் பிடித்திருக்கும் எண்டு போட்ட ஊகம் அது. பின்னர் தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோவின் குழு மண்ணைத் தோண்டிக் காலத்தைக் கணித்தபோது வேறு கதை வந்தது. நெல் வயல்கள் அங்கே பரவி ஏறத்தாழ 400 வருடங்கள்தான். அதற்கு முன்னர் சேம்பங்கிழங்கு. ஸ்பானியர் சமவெளியைப் பிடித்த காலத்தில், அவர்களுக்கு அடங்காத சனம் மலைக்குள் ஒதுங்கி, மலையையே வயலாக்கியது எண்டது அவர்களுடைய விளக்கம்.

எங்களுக்கு இந்த இரண்டாவது கதைதான் பெரிசாகத் தெரியுது. முதல் கதையில் இஃபுகாவோ மக்கள் காலத்தில் உறைந்துபோனவர்கள். இதில் அவர்கள் யோசித்து முடிவெடுத்தவர்கள்.

அப்படி முடிவெடுக்கிற உரிமை அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இருக்குத்தானே? 1995இல் யுனெஸ்கோ படாட், பங்கான் உட்பட ஐந்து வயல்தொகுதிகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2001இல் அவை ஆபத்திலுள்ளவை எண்டு அறிவிக்கப்பட்டன. 2012இல்தான் அந்த நிலை நீங்கியது. கைவிடப்பட்ட வயல்கள், இடிந்த சுவர்கள், வேலை தேடி வெளியேறிய இளைஞர்கள் எண்டு காரணங்கள் பல. அங்கத்தைய பாரம்பரிய நெல்லான தினாவோன் வருடத்தில் ஒருமுறைதான் விளையும். அதை மட்டும் நம்பிப் பிள்ளையைப் படிப்பிக்க ஏலாது. ஆனால் இரண்டு நாள் வந்துபோறவர், "இளைஞர்கள் போனால் பாரம்பரியம் அழியுமே" எண்டு கவலைப்படுவார்.

எங்களில் மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கவலை பழக்கமானது. எல்லவுக்கு ரயிலேறுறவர்கள் கொழுந்து பறிக்கிற அம்மாவைப் படமெடுப்பார்கள். அவருடைய நாட்சம்பளமும் லயத்துக் கூரையும் படத்துக்குள் வராது. அவருடைய மகள் கம்பஸுக்கு வந்தால், தோட்டத்தில ஆளில்லை எண்டு கதை வரும். இரண்டு இடமும் ஒண்டில்லை. இஃபுகாவோ குடும்பங்களுக்கு வயல் சொந்தம்; எங்கட தோட்டச் சனத்தில் பலருக்கு வீடிருக்கிற துண்டு நிலமும் சொந்தமில்லை. ஆனால் பார்க்க வாறவரின் கண் ஒண்டுதான்: காட்சி மாறக்கூடாது.

அப்ப போகக் கூடாதா? போகவேணும். ஆனால் தங்கவேணும். பனாவேயில் வீதியோரம் நிண்டு படமெடுத்துத் திரும்புறவரின் காசு வயல்காரருக்குப் போய்ச்சேருவது குறைவு. படாட்டுக்கு நடந்து இறங்கி, ஒரு வீட்டில் படுத்து, உள்ளூர் வழிகாட்டியோடு வரப்பில் நடக்கிறவரின் காசு அந்த ஊருக்குள்ளேயே நிற்கும். கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும். வயலுக்கு மேலே இருக்கிற காடு சும்மா காடில்லை எண்டது நடந்தால்தான் விளங்கும். அது முயோங். குடும்பங்கள் பரம்பரையாகப் பராமரிக்கிற மரத்தோப்பு. அது தண்ணியைப் பிடித்து வைத்தால்தான் கீழே நெல்.

வழிகாட்டியின் கூலியில் பேரம் பேசாதேங்கோ. ஆக்களைக் கேட்காமல் படமெடுக்காதேங்கோ. இரவு சாப்பிடேக்க வீட்டுக்காரரிட்ட வயலின்ர வயதைக் கேட்கிறதை விட, இந்த வருசம் எந்தச் சுவர் இடிஞ்சது, அதைத் திருப்பிக் கட்ட ஆர் வந்தவை எண்டு கேளுங்கோ.