‘டேட்டா கரப்ட் ஆயிடுச்சு’ என்பது பதில் இல்லை

போன மாதம் ஒரு நாள் காலை. என்னோடு ஒரே பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்த நண்பரின் மனைவி வாசலில் வந்து நின்றார். நண்பர் காலமாகி ஆறு மாதம் ஆகிறது. கையில் மஞ்சள் பை. பை நிறைய ரசீதுகள்.

“அண்ணே, சங்கத்துல அவரு பேரே இல்லைங்கிறாங்க. கம்ப்யூட்டர்ல இல்லையாம். என்னத்தண்ணே செய்யறது?”

ஓய்வு பெற்றவர்கள் மாதா மாதம் சந்தா கட்டும் குடும்ப நல நிதி அது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை கிடைக்கும். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். கூடவே போனேன். கவுன்டரில் இருந்த பையன் மரியாதையான பையன்தான். எழுந்து நின்று பேசினான். “சார், பிப்ரவரியில டேட்டா கரப்ட் ஆயிடுச்சு. ரிப்பேர் பண்ணிட்டோம். இப்ப சிஸ்டத்துல இவங்க வீட்டுக்காரர் பேரு வரலை. பழைய ரெக்கார்டு ஏதாவது இருந்தா மனுவோட குடுங்க, கமிட்டியில வைக்கிறோம்.”

அந்த ‘ஆயிடுச்சு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மழை பெய்தது, பொழுது விடிந்தது என்கிற மாதிரி. யாரும் எதுவும் செய்யவில்லை, தானாக ஆகிவிட்டது. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் லெட்ஜரில் ஒரு தாள் கிழிந்தால் அந்த இருக்கையில் இருந்த குமாஸ்தாவுக்கு மெமோ வரும். தாள் எப்படிக் கிழிந்தது, அதில் யார் யார் கணக்கு இருந்தது, அதை எங்கிருந்து திரும்ப எழுதினாய் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். இன்று 24 பேர் காணாமல் போனால் மெமோ போகிறது, ஆனால் காணாமல் போனவனின் மனைவிக்குப் போகிறது. நீ இருந்தாய் என்பதை நீயே நிரூபி என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

முதலில் ஒன்று. தரவு கெடுவதில் மர்மம் ஏதும் இல்லை. தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகத்தில் டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ வந்தபோது நானும் கற்றுக்கொண்டேன். அந்த டி.பி.எஃப். ஃபைலின் தலைப்பகுதியில் மொத்தம் எத்தனை பதிவுகள் என்ற எண் இருக்கும். ஒவ்வொரு பதிவும் ஒரே நீளம். பதிவின் நீளத்தை எண்ணிக்கையால் பெருக்கி, தலைப்பகுதியின் அளவைக் கூட்டினால், ஃபைலின் அளவு ஏறக்குறைய அப்படியே வர வேண்டும். பதிவு எழுதி முடிந்து, தலைப்பகுதியில் எண்ணை மாற்றுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. ஃபாக்ஸ்ப்ரோ, இது தரவு ஃபைலே இல்லை என்று அடம் பிடிக்கும். பென்சிலும் காகிதமும் வைத்துக் கணக்குப் போட்டே எத்தனை பதிவு விட்டுப்போனது என்று கண்டுபிடிப்போம்.

இன்னொரு வகை உண்டு. தேடினால் பெயர் வராது, முதலிலிருந்து புரட்டினால் இருக்கும். அது தரவு கெட்டதல்ல, இன்டெக்ஸ் கெட்டது. புத்தகம் சரியாக இருக்கிறது, பின்னால் உள்ள அகரவரிசைதான் தவறு. இன்டெக்ஸைத் திரும்பக் கட்டினால் போதும். மூன்றாவதாக, டிலீட் கொடுத்த பதிவு. அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழுந்திருக்கும். ‘பேக்’ என்ற கட்டளை கொடுக்கும் வரை அது ஃபைலுக்குள்ளேயேதான் இருக்கும், ‘ரீகால்’ கொடுத்தால் திரும்பி வரும். ஆக, ‘காணோம்’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு வியாதி. எது என்று பார்க்காமலே மருந்து கொடுப்பவனை வைத்தியன் என்போமா?

சங்கம் மாதிரி சின்ன இடங்களில் இன்று அதிகம் இருப்பது மைக்ரோசாஃப்ட் அக்செஸ் வகை. உறுப்பினர் அட்டவணை, சந்தா அட்டவணை, ஃபாரம், அறிக்கை எல்லாம் ஒரே ஃபைல். 2 ஜிபி வரை போகும். உள்ளே 4 கிலோபைட் அளவில் பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கும். நாலு கம்ப்யூட்டரிலிருந்து திறந்தால், நடுவில் சர்வர் என்று ஒருவர் உட்கார்ந்து வாங்கி எழுதுவதில்லை. நாலு பேரும் நேரடியாக அதே ஃபைலில் எழுதுகிறார்கள். நாலு குமாஸ்தா ஒரே லெட்ஜரில் பேனா வைத்த மாதிரி. யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள ஒரு பூட்டு ஃபைல் பக்கத்திலேயே உருவாகும். இதில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், கேபிள் கழன்றால், வைஃபை விட்டு விட்டு வந்தால், அவசரத்தில் யாராவது மெயின் சுவிட்சை அணைத்தால், அந்தப் பக்கம் பாதி எழுதிய நிலையில் நிற்கும். நீளமான குறிப்புகள் எழுதும் மெமோ கட்டம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அந்தக் குறிப்பு வேறு பக்கத்தில் இருக்கும், பதிவில் அதற்கு ஒரு சுட்டு மட்டும்தான்.

இதெல்லாம் தெரிந்த காரணங்கள். தடுக்கும் வழியும் தெரிந்ததுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் யு.பி.எஸ்., வைஃபை இல்லாமல் கேபிள் இணைப்பு, தரவு ஒரு ஃபைலிலும் ஃபாரங்கள் வேறு ஃபைலிலும். கரண்ட் போவது சங்கத்தின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் நடக்கும். அதற்குப் பிறகு செய்ததுதான் குற்றம்.

என்ன செய்தார்கள்? கேட்டுக் கேட்டு வாங்கினேன். பிப்ரவரியில் ஃபைல் திறக்கவில்லை. யாருடைய மருமகனோ வந்தார். அசல் ஃபைலிலேயே ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ கொடுத்தார். திறந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம், டீ வாங்கிக் குடித்தார்கள். அவ்வளவுதான்.

‘ரிப்பேர்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது இழந்ததை மீட்டுத் தரும் கருவி அல்ல. படிக்க முடிந்ததைப் புது ஃபைலில் எழுதிவைக்கும், படிக்க முடியாததை விட்டுவிடும். கரையான் அரித்த பேரேட்டைப் புதிய பேரேட்டில் பெயர்த்து எழுதச் சொன்னால், தெரியாத வரிகளைத் தாண்டிப் போகும் குமாஸ்தா மாதிரி. புதுப் பேரேடு பார்க்க அழகாக இருக்கும். ஓட்டையே தெரியாது. சில நேரம் பிழைகளை ஒரு தனி அட்டவணையில் குறித்தும் வைக்கும், அதைத் திறந்து பார்ப்பவர் யார்? சில நேரம் ஒரே எண் இரண்டு பேருக்கு விழாமல் காக்கும் முதன்மைச் சாவியும் போய்விடும், பிறகு ஒரே உறுப்பினர் எண் இரண்டு பேருக்கு விழலாம். கருவியைக் குறை சொல்ல மாட்டேன். முடிந்ததை அது செய்தது. அதன் பிறகு எண்ணிப் பார்க்க வேண்டியது மனிதனின் வேலை.

செய்ய வேண்டிய முறை இது. எல்லோரையும் ஃபைலை விட்டு வெளியேறச் சொல்ல வேண்டும். கெட்ட ஃபைலை அப்படியே நகல் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். ரிப்பேர் நகலில்தான், அசலில் கூடாது. பிறகு ஒரு புதுக் காலி ஃபைலில் அட்டவணைகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எந்த அட்டவணை முரண்டு பிடிக்கிறதோ அங்கேதான் புண். கடைசியாக, எண்ண வேண்டும். எத்தனை உறுப்பினர், சந்தா மொத்தம் எத்தனை ரூபாய், பழைய பட்டியலோடு டேலி ஆகிறதா?

அன்று நாங்கள் எண்ணினோம். கையெழுத்து உறுப்பினர் பதிவேடு அலமாரிக்கு மேல் தூசியில் கிடந்தது. கடைசி எண் 1,412. இறந்தோ விலகியோ சிவப்பு மையில் அடித்தது 97. இருக்க வேண்டியது 1,315. கணினியில் 1,291. வித்தியாசம் 24. அரை மணி நேர வேலை. பிப்ரவரியிலேயே செய்திருக்கலாம். பையன் முகம் வெளுத்துவிட்டது. என் நண்பர் அந்த 24 பேரில் ஒருவர். மஞ்சள் பையோடு அவர் மனைவி வந்ததால் தெரிந்தது. மற்ற 23 பேர்? மகன் வெளிநாட்டில், தான் படுக்கையில், ரசீது எங்கே என்று தெரியாது என்று இருப்பவர்கள். அவர்கள் வந்து கேட்கப் போவதில்லை. கேட்டாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

“பேக்அப் இல்லையா தம்பி?” என்றேன். இருந்தது. அதே கம்ப்யூட்டரில், பக்கத்து ஃபோல்டரில். வாரா வாரம் பழையதன் மேலேயே எழுதப்பட்டது. பிப்ரவரிக்குப் பிறகு எத்தனையோ வாரம் போய்விட்டது, கெட்ட ஃபைலைத்தான் பத்திரமாக நகல் எடுத்துவைத்திருந்தார்கள்.

என் தலைமுறையில் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ‘எத்தா சிவில்’ தெரியும். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடு. 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சிவில் சட்டத் தொகுப்பு அதற்கு என்ன விதித்தது தெரியுமா? முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை எண் இட்டு, ஒவ்வொரு தாளிலும் நீதிபதி சுருக்கொப்பம் வைக்க வேண்டும். நடுவில் வெற்றிடம் விடக் கூடாது. தேதியை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுத வேண்டும். பதிவேடு இரண்டு பிரதி, ஆண்டு முடிவில் ஒன்று ஊரின் ஆவணக் காப்பில், மற்றது நீதிமன்றத்தின் ‘கிரெஃப்’பில். டி.பி.எஃப். ஃபைலின் தலைப்பகுதியில் எண்ணிக்கை வைத்தவனும், தாளுக்கு எண் போட்டவனும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். ஒன்று குறைந்தால் தெரிய வேண்டும்.

அதற்கும் முன்னால், 1776இல் பிரெஞ்சு அரசர் ஒரு ஆணை போட்டார். காலனிகளின் பதிவேடுகளுக்கு இன்னொரு பிரதி எழுதி வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும். பாய்மரக் கப்பலில், மாதக்கணக்கில் கடல் கடந்து. இன்று புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் தங்கள் முன்னோர் பெயரை எக்ஸ் அன் ப்ரொவான்ஸில் உள்ள ஆவணக் காப்பகத்தில் தேடி எடுக்க முடிவது, அப்படித் தூரத்தில் ஒரு பிரதி இருந்ததால்தான்.

பாரிஸ் நகரமே மறுபக்கத்துக்கு உதாரணம். அங்கேயும் இரண்டு பிரதி இருந்தது. ஒன்று நகர மண்டபத்தில், மற்றது நீதிமன்ற மாளிகையில். 1871 மே மாதக் கலவரத்தில் இரண்டு கட்டடமும் எரிந்தன. 1860க்கு முந்தைய பதிவுகள் சுமார் 80 லட்சம் சாம்பல். பிறகு தனிச் சட்டம் போட்டு, குடும்பங்களிடம் இருந்த நகல்களையும் தேவாலயக் குறிப்புகளையும் கேட்டு வாங்கி மீட்டது மூன்றில் ஒரு பங்குதான். ஒரே தீயில் எரியக்கூடிய இடத்தில் இருக்கும் இரண்டு பிரதி, ஒரு பிரதிதான். நம் கடற்கரை மேரி கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

காகிதம்தான் உசத்தி என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கரையான் தின்ற கட்டுகளை நானே கூட்டி அள்ளியிருக்கிறேன். கணினி நல்ல கருவி. “இப்போ எல்லாம் கிளவுட் சார், அதெல்லாம் பழைய பிரச்சினை” என்று சொல்பவர்களுக்கும் ஒன்று. தானாக ஒத்திசையும் ஃபோல்டரில் இந்த மாதிரி ஃபைலைத் திறந்து வைத்து வேலை செய்தால், கெட்டதும் தானாகவே மேலே போகும். “ஆள் இல்லை, நேரம் இல்லை” என்பவர்களுக்கு, எண்ண அரை மணி நேரம். வாரம் ஒரு பென்டிரைவ், பழையதன் மேல் எழுதாமல் நாலு வாரத்துக்கு நாலு. அதில் ஒன்று செயலாளர் வீட்டில். 1776இல் கப்பலில் அனுப்பினார்கள், உங்களால் தெருவைத் தாண்ட முடியாதா?

அந்த 24 பேரும் திரும்பக் கிடைத்தார்கள். கணினியிலிருந்து இல்லை. முந்தைய ஆண்டு தணிக்கைக்காக ஆடிட்டரிடம் கொடுத்த ஒரு சிடியில் இருந்தார்கள். அதற்குப் பிறகு கட்டிய சந்தாவை ரசீது அடிக்கட்டைகளைப் பார்த்து இரண்டு நாள் உட்கார்ந்து ஏற்றினோம். அந்தப் பையன் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. அவனுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். சொல்லித் தர வேண்டிய கமிட்டிதான் மனு கேட்டது.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லியும் வையுங்கள். ஆனால் ‘கரப்ட் ஆயிடுச்சு’ என்று கவுன்டரில் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். ரிப்பேருக்கு முன் எத்தனை பேர், பின் எத்தனை பேர்? கெடுவதற்கு முந்தைய நகல் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? என்னைத் தவிர வேறு யார் யாரைக் காணோம்? மூன்றாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். உங்கள் ரசீது உங்களைக் காப்பாற்றிவிடும், கேட்க வராத 23 பேருக்காகத்தான் அந்தக் கேள்வி.

நண்பரின் மனைவிக்குப் போன வாரம் காசோலை வந்தது. ரசீதுகளை இன்னும் அந்த மஞ்சள் பையிலேயே வைத்திருக்கிறார். எடுத்துப் போடச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.